வீட்டுக் கணக்கு: முதலாவது பில்லை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்



கரண்ட் பில் கூடினால் மீட்டரைப் போய்ப் பார்க்கிறோம். தண்ணீர் பில் கூடினால் குழாய் எங்கேனும் கசிகிறதா என்று தேடுகிறோம். கைத்தொலைபேசி பில் கூடினால் மட்டும் வீட்டிலுள்ளவர்களின் முகத்தைப் பார்க்கிறோம். "இவ்வளவு நேரம் யாரோடு கதைத்தாய்?" என்ற கேள்விதான் முதலில் வாயில் வருகிறது.

புதிய பெக்கேஜுக்கு மாறிய மாதத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிடும். பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்றோ, பிள்ளைகளின் படிப்புக்கு இன்டர்நெட் போதவில்லை என்றோ யோசித்துத்தான் பெக்கேஜை மாற்றுகிறோம். முதலாவது பில் வருகிறது. சொன்ன தொகையை விட நூற்றுக்கணக்கில் கூடியிருக்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள் மீது சந்தேகம் விழுகிறது. வெளிநாட்டில் உழைக்கும் கணவரிடம் விடயத்தைச் சொன்னால், "பழையதே போதும் என்று நான் அப்போதே சொன்னேனே" என்று அவருக்கும் மனக்கசப்பு. மகளின் கையிலிருந்து போன் பறிக்கப்படுகிறது. பெக்கேஜை மாற்றிய குற்றம் மனைவியின் தலையில் சுமத்தப்படுகிறது.

இதில் வேதனை என்னவென்றால், அந்த மேலதிகத் தொகையின் பெரும் பகுதிக்கு வீட்டில் எவருமே பொறுப்பாக இல்லாமலிருக்கலாம். அது கதைத்ததால் வந்த தொகையல்ல, கணக்கு வைக்கும் முறையால் வந்த தொகை. அந்த முறையை ஒரு தடவை விளங்கிக்கொண்டால் போதும். பில்லைக் கையில் எடுத்ததும் எது நியாயம், எது பிழை, எது நம்முடைய கவலையீனம் என்று நாமே பிரித்தறியலாம். இந்த மாதம் அதைத்தான் பார்க்கப் போகிறோம். ஒரு பென்சிலும், உங்கள் வீட்டுக் கடைசி இரண்டு பில்களும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

வாடகை முன்னால், பாவனை பின்னால்

ரீலோட் செய்து பேசும் போனில் முதலில் காசு, பிறகு பேச்சு. மாத முடிவில் பில் கட்டும் இணைப்பில் முதலில் பேச்சு, பிறகு காசு என்று நாம் நினைக்கிறோம். அது பாதி உண்மைதான்.

பில்லில் இரண்டு வகையான கட்டணங்கள் இருக்கின்றன. ஒன்று மாதாந்த வாடகை. நீங்கள் ஓர் அழைப்புக்கூட எடுக்காவிட்டாலும் இது வரும். இந்த வாடகையைப் பெரும்பாலான நிறுவனங்கள் வரப்போகும் மாதத்துக்காக முன்கூட்டியே அறவிடுகின்றன. கடை வாடகையை மாதத் தொடக்கத்தில் கொடுப்பது போலத்தான். மற்றையது பாவனைக் கட்டணம். பெக்கேஜில் தந்த அளவுக்கு மேலே பேசியது, வெளிநாட்டுக்கு எடுத்த அழைப்பு, அளவு தாண்டிய இன்டர்நெட் என்பன இதில் அடங்கும். இது முடிந்துபோன மாதத்துக்கானது.

ஆகவே ஒரே கடதாசியில் இரண்டு மாதங்களின் கணக்கு இருக்கிறது. ஒக்டோபர் முதலாம் திகதி வரும் பில்லில் ஒக்டோபர் மாத வாடகையும் இருக்கும், செப்டெம்பர் மாதப் பாவனையும் இருக்கும். பெக்கேஜை மாற்றாத மாதங்களில் இது நமக்குத் தெரிவதில்லை. ஏனென்றால் மாதாமாதம் ஒரே வாடகை வருகிறது. மாற்றிய மாதத்தில்தான் குழப்பம் வெளியே தெரிகிறது.

ஒரு வீட்டின் கணக்கு

விளங்கிக்கொள்வதற்காக ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொள்வோம். பின்வரும் தொகைகள் எந்த நிறுவனத்தினதும் விலையல்ல. கணக்கு இலகுவாக இருக்க நாமே எடுத்துக்கொண்டவை.

பழைய பெக்கேஜின் மாத வாடகை 900 ரூபா. புதியதன் வாடகை 1500 ரூபா. பில் கணக்கு ஒவ்வொரு மாதமும் 1 ஆம் திகதி தொடங்குகிறது. இந்த வீட்டார் செப்டெம்பர் 11 ஆம் திகதி புதிய பெக்கேஜுக்கு மாறினார்கள். செப்டெம்பர் மாதத்துக்கான 900 ரூபா வாடகை, மாதத் தொடக்கத்தில் வந்த பில்லிலேயே அறவிடப்பட்டுவிட்டது.

இப்போது ஒக்டோபர் 1 ஆம் திகதி வந்த பில்லில் வாடகைப் பகுதி எப்படி இருக்கும்?

முதலாவது, கழிவு. பழைய பெக்கேஜை 10 நாட்கள்தான் பாவித்தார்கள். மீதி 20 நாட்களுக்கும் காசு ஏற்கனவே கொடுத்தாயிற்று. 900 ரூபாவை 30 நாட்களுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 30 ரூபா. 20 நாட்களுக்கு 600 ரூபா. இது திருப்பித் தரப்பட வேண்டிய தொகை. பில்லில் கழித்தல் அடையாளத்துடன் இருக்கும்.

இரண்டாவது, புதிய பெக்கேஜின் செப்டெம்பர் நாட்கள். 11 முதல் 30 வரை 20 நாட்கள். 1500 ரூபாவை 30 ஆல் பிரித்தால் ஒரு நாளைக்கு 50 ரூபா. 20 நாட்களுக்கு 1000 ரூபா.

மூன்றாவது, ஒக்டோபர் மாத வாடகை முழுமையாக 1500 ரூபா.

1000 ரூபாவும் 1500 ரூபாவும் சேர்ந்து 2500. அதில் 600 ஐக் கழித்தால் 1900 ரூபா.

"ஆயிரத்து ஐந்நூறு என்றுதானே சொன்னார்கள், ஆயிரத்துத் தொள்ளாயிரம் எங்கிருந்து வந்தது?" என்று அந்த வீட்டில் கேள்வி எழும். 400 ரூபா கூடியிருக்கிறது. இது பிழையா? இல்லை. பழையதற்கும் புதியதற்கும் ஒரு நாளைய வித்தியாசம் 20 ரூபா. 20 நாட்களுக்கு 400 ரூபா. நாள் கணக்குப் பொருந்திவிட்டது. இந்த 400 ரூபா ஒரே ஒரு தடவைதான் வரும். அடுத்த பில்லில் வாடகை 1500 ரூபாவாக நின்றுவிடும்.

பெருக்கிப் பார்க்கச் சோம்பலாக இருந்தால் இந்தக் குறுக்கு வழியையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு வாடகைகளுக்கும் இடையிலான வித்தியாசத்தை 30 ஆல் பிரித்து, மாறிய நாளிலிருந்து மாத முடிவு வரையுள்ள நாட்களால் பெருக்குங்கள். அந்த அளவு தொகை முதலாவது பில்லில் கூடுவது நியாயம்.

கூடிய பெக்கேஜிலிருந்து குறைந்ததற்கு மாறினால் என்ன நடக்கும்? அதே கணக்கு தலைகீழாகும். 1500 இலிருந்து 900 க்கு அதே திகதியில் மாறியிருந்தால், 1000 ரூபா கழிவு, புதிய நாட்களுக்கு 600, அடுத்த மாதத்துக்கு 900. மொத்தம் 500 ரூபாதான் வரும். "அல்ஹம்துலில்லாஹ், ஐந்நூறுக்கு இறங்கிவிட்டது" என்று சந்தோஷப்பட்டு, மீதிக் காசை வேறு செலவுக்கு ஒதுக்கிவிடாதீர்கள். அடுத்த மாதம் 900 வரும். முதலாவது பில் கூடினாலும் சரி, குறைந்தாலும் சரி, புதிய பெக்கேஜின் உண்மையான விலையை அது சொல்வதில்லை.

எல்லா நிறுவனங்களும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். சில இடங்களில் புதிய பெக்கேஜ் அடுத்த பில் திகதியிலிருந்துதான் நடைமுறைக்கு வரும். அப்படியானால் இந்தக் குழப்பமே இல்லை. நடு மாதத்தில் மாற்றித் தருகிறோம் என்றால் நாள் கணக்கு வரும் என்று எதிர்பாருங்கள்.

இலவச நிமிடங்களும் நாள் கணக்கில்தான்

வாடகையை நாட்களாகப் பிரிக்கும்போது, அதனோடு தருகின்ற நிமிடங்களையும் டேட்டாவையும் நாட்களாகப் பிரிப்பது வழமை. நம்மில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

அதே வீட்டை மீண்டும் எடுப்போம். பழைய பெக்கேஜில் மாதத்துக்கு 300 நிமிடங்கள். மாறும் வரை இருந்தது 10 நாட்கள். நாள் கணக்கில் 100 நிமிடங்கள்தான் கிடைக்கும். அந்த நாட்களில் மாமி ஆஸ்பத்திரியில் இருந்ததால் உறவினர்களுக்கெல்லாம் செய்தி சொல்ல வேண்டியிருந்தது. 160 நிமிடங்கள் பேசிவிட்டார்கள். மாதம் முழுவதும் அதே பெக்கேஜில் இருந்திருந்தால் 300 க்குள் அடங்கியிருக்கும். பெக்கேஜை மாற்றியதால் 60 நிமிடங்கள் மேலதிகமாகிவிட்டன. நிமிடத்துக்கு 3 ரூபா என்றால் 180 ரூபா.

புதிய பெக்கேஜிலும் இதே நிலைதான். மாதத்துக்கு 30 ஜீபி என்று விளம்பரத்தில் பார்த்தோம். முதலாவது மாதத்தின் 20 நாட்களுக்கு 20 ஜீபிதான் தரப்பட்டிருக்கும். பிள்ளைகள் 30 என்று நினைத்துப் பாவிப்பார்கள். அளவு முடிந்ததும் சில பெக்கேஜ்களில் வேகம் குறையும், சிலவற்றில் இணைப்பு நின்றுவிடும், சிலவற்றில் ஒவ்வொரு எம்பிக்கும் காசு ஓடத் தொடங்கும். மூன்றாவது வகைதான் ஆபத்தானது. உங்கள் பெக்கேஜ் எந்த வகை என்பதை மாறும் நாளிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வரி என்ற நான்காவது வரிசை

விளம்பரப் பலகையில் பெரிய எழுத்தில் இருக்கும் விலைக்குக் கீழே, "வரிகள் நீங்கலாக" என்ற வாசகம் எறும்பு எழுத்தில் இருக்கும். நமது நாட்டில் தொலைபேசிக் கட்டணத்தின் மேல் ஒரு வரியல்ல, பல வரிகள் வருகின்றன. 2011 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தொலைத்தொடர்பு வரி கொண்டுவரப்பட்டது. 2022 ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து 2.5 சதவீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி வந்து சேர்ந்தது. வற் என்று நாம் சொல்லும் பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதலாம் திகதி 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தது. குரல் அழைப்புக்கும் இன்டர்நெட்டுக்கும் வரி ஒரே அளவில் வருவதுமில்லை. எனவே பேச்சு அதிகமுள்ள பெக்கேஜையும் டேட்டா அதிகமுள்ள பெக்கேஜையும் வெறும் வாடகையை வைத்து ஒப்பிடாதீர்கள். வரியோடு சேர்த்து மாதம் எவ்வளவு கட்ட வேண்டி வரும் என்று கேளுங்கள்.

வரி மாறுவதும், நிறுவனங்கள் கட்டணம் கூட்டுவதும் நீங்கள் பெக்கேஜ் மாற்றிய அதே மாதத்தில் நடந்துவிடலாம். 2022 செப்டெம்பரில் கைத்தொலைபேசிக் கட்டணங்கள் 20 சதவீதம் கூட்டப்பட்டன. அந்த மாதத்தில் பெக்கேஜ் மாற்றியிருந்தால், எது பெக்கேஜால் கூடியது, எது கட்டண உயர்வால் கூடியது என்று பில்லை வரி வரியாக வாசிக்காமல் சொல்லவே முடியாது.

நமது உதாரண வீட்டுக்கு வருவோம். வாடகை 1900, மேலதிக நிமிடங்கள் 180, ஆக 2080 ரூபா. கணக்குக்காக மொத்த வரியை 25 சதவீதம் என்று வைத்தால் 520 ரூபா. பில் 2600 ரூபா. அவர்கள் எதிர்பார்த்தது 1500 உம் அதற்கான வரி 375 உம் சேர்ந்து 1875 ரூபா. இப்போது 725 ரூபா கூடியிருக்கிறது. இதில் 500 ரூபா திகதியால் வந்தது. 225 ரூபா பத்து நாள் எல்லையால் வந்தது. சகோதரிகளே, அந்த 725 ரூபாவில் ஒரு ரூபாவேனும் மகளின் கணக்கில் சேராது. ஆனால் பில்லை வாசிக்காத வீட்டில் ஏச்சு வாங்கியிருப்பவள் அவள்தான்.

கட்டிய காசு காணவில்லையா?

இன்னொரு வரியும் நம்மைக் கலங்க வைக்கும். "முன்னைய நிலுவை" என்று ஒரு தொகை இருக்கும். "போன மாதம் கட்டிவிட்டேனே!" என்று பதறுவோம். பில்லின் திகதியைப் பாருங்கள். பில் 1 ஆம் திகதி தயாராகியிருக்கும். நீங்கள் 3 ஆம் திகதி கட்டியிருப்பீர்கள். கட்டிய காசு அடுத்த பில்லில்தான் "கிடைத்த கொடுப்பனவு" என்று பதிவாகும். பற்றுச்சீட்டின் திகதி பில் திகதிக்கு முந்தியது, ஆனாலும் பதிவில்லை என்றால் மட்டும் விசாரியுங்கள். கடையில் காசு கட்டும்போது ஓர் இலக்கம் பிழைத்தால் போதும். உங்கள் காசு வேறொருவரின் கணக்குக்குப் போய்விடும். பற்றுச்சீட்டிலுள்ள இலக்கத்தைக் கடையை விட்டு இறங்குமுன் வாசித்துப் பாருங்கள். அந்தத் தாள்களில் பல, சில மாதங்களில் எழுத்து மங்கிப்போகும் வகையைச் சேர்ந்தவை. ஒரு படம் எடுத்து வையுங்கள்.

உண்மையிலேயே கசியும் குழாய்கள்

திகதிக் கணக்கெல்லாம் பொருந்திய பிறகும் காசு மிஞ்சுகிறதென்றால் இந்த மூன்று இடங்களைத் தேடுங்கள்.

ஒன்று, நாம் கேட்காமலே ஒட்டிக்கொண்ட சேவைகள். அழைப்பவருக்குப் பாட்டுக் கேட்கும் சேவை, கிரிக்கெட் செய்தி, விளையாட்டு, ராசி பலன் என்று எத்தனையோ இருக்கின்றன. சின்னப் பிள்ளை போனில் விளையாடும்போது ஒரு பொத்தானை அழுத்தினாலே சில சேவைகள் தொடங்கிவிடும். நாளைக்கு 2 ரூபாதானே என்று தோன்றும். மாதத்துக்கு 60, வருடத்துக்கு 730 ரூபா. பெக்கேஜை மாற்றினாலும் பல வேளைகளில் இந்தச் சேவைகள் தொடர்ந்து வரும். "என் இலக்கத்தில் என்னென்ன சேவைகள் ஓடுகின்றன, எல்லாவற்றையும் வாசியுங்கள்" என்று நிறுவனத்திடம் கேட்டு, வேண்டாதவற்றை நிறுத்தச் சொல்லுங்கள்.

இரண்டு, வெளிநாட்டு அழைப்பு. வட்ஸ்அப்பில் பேசினால் டேட்டாதான் குறையும். அதே பெயரை போன் இடாப்பிலிருந்து தொட்டு அழைத்தால் வெளிநாட்டு அழைப்புக் கட்டணம். பெக்கேஜில் தரும் நிமிடங்கள் வழமையாக உள்நாட்டுக்கு மட்டும்தான். கண் மங்கிய உம்மாவின் போனில் இந்த இரண்டு அடையாளங்களும் மாறிப்போவது சாதாரணம். ஒரு தடவை பக்கத்திலிருந்து காட்டிக் கொடுங்கள். தெரியாத வெளிநாட்டு இலக்கத்திலிருந்து ஒரே ஒரு மணி அடித்து நின்றால் திருப்பி அழைக்கவே வேண்டாம். அப்படித் திருப்பி அழைக்க வைத்துக் காசு பறிக்கும் மோசடி உலகெங்கும் நடக்கிறது.

மூன்று, ரோமிங். உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ போகிறவர்கள் நமது நாட்டுச் சிம்மோடு ஜித்தாவில் இறங்கி போனைத் திறந்தவுடன், பின்னணியில் டேட்டா ஓடத் தொடங்கலாம். உள்நாட்டு பெக்கேஜின் ஜீபி அங்கே செல்லாது. ரோமிங்கில் இருக்கும்போது நமக்கு வரும் அழைப்பை எடுத்தாலும் பெரும்பாலும் கட்டணம் உண்டு. மூத்தவர்களுக்கு இது புதிதல்ல. 1989 இல் செல்டெல் நிறுவனம் இந்நாட்டில் கைத்தொலைபேசிச் சேவையை ஆரம்பித்த பின், தொண்ணூறுகளில் வரும் அழைப்புக்கும் நாம்தான் காசு கட்டினோம். அதனால்தான் அந்தத் தலைமுறை அரை நிமிடத்தில் பேச்சை முடித்துக்கொள்ளும். பயணம் புறப்படுமுன் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள், அல்லது பயணத்துக்கான பெக்கேஜ் ஒன்றை இங்கிருந்தே எடுங்கள். ரோமிங் கட்டணம் சில வேளை ஒரு மாதம் பிந்தித்தான் பில்லுக்கு வரும். திரும்பி வந்த மாதத்து பில் சிறியது என்று நிம்மதி அடைந்துவிட வேண்டாம்.

மாறுவதற்கு முன் கேட்க வேண்டியவை

சேவை நிலையத்துக்குப் போனாலும் சரி, ஹொட்லைனில் அழைத்தாலும் சரி, இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துக் கேளுங்கள். தமிழில் பேசுபவரைத் தரும்படி தயங்காமல் சொல்லுங்கள். விளங்காத மொழியில் தலையாட்டிச் சம்மதித்தது பின்னர் நம்மையே கட்டிப்போடும்.

1. எனது பில் மாதம் எந்தத் திகதியில் தொடங்குகிறது? அந்தத் திகதியிலிருந்தே புதிய பெக்கேஜைத் தொடங்க முடியுமா? முடியுமானால் நாள் கணக்குத் தொல்லை அடியோடு நீங்கிவிடும்.

2. வரிகள் எல்லாம் சேர்த்து மாதம் எவ்வளவு?

3. முதலாவது பில் எவ்வளவு வரும்? அதில் எந்தப் பகுதி ஒரு தடவை மட்டும் வருவது?

4. முதலாவது மாதத்தில் நிமிடமும் டேட்டாவும் முழுமையாகத் தரப்படுமா, நாள் கணக்கிலா?

5. அளவு முடிந்தால் நின்றுவிடுமா, காசு ஓடுமா? பில் இவ்வளவைத் தாண்டக்கூடாது என்று ஓர் எல்லை வைக்க முடியுமா?

6. ஜீபி முழுவதும் எந்நேரமும் பாவிக்கக்கூடியதா? நள்ளிரவுக்குப் பின் மட்டும், அல்லது குறிப்பிட்ட செயலிக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட பங்கு அதில் இருக்கிறதா? நாமெல்லாம் உறங்கும் நேரத்தில் தரும் டேட்டாவால் யாருக்கு என்ன பயன்?

7. பிடிக்காவிட்டால் பழைய பெக்கேஜுக்குத் திரும்பலாமா? சில பழைய பெக்கேஜ்கள் புதிதாகத் தரப்படுவதில்லை. விட்டால் விட்டதுதான்.

8. ரீலோட் முறையிலிருந்து பில் முறைக்கு மாறுவதானால், போனில் மீதமிருக்கும் காசு என்னவாகும்? வைப்புப் பணம் கேட்பீர்களா, அதை எப்போது திருப்பித் தருவீர்கள்?

பதில்களை அதே தாளில் எழுதுங்கள். பேசிய திகதி, நேரம், பேசியவரின் பெயர், அவர் தந்த கோரிக்கை இலக்கம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பெக்கேஜ் மாறியதை அறிவிக்கும் எஸ்எம்எஸ்ஸை அழித்துவிடாதீர்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய பாடமல்லவே.

இணைப்பு யாருடைய பெயரில்?

இதை நமது பெண்கள் பலர் யோசிப்பதில்லை. போன் நம் கையில், பில் கட்டுவதும் நாமே. ஆனால் இணைப்பு கணவரின் பெயரிலோ, எப்போதோ சிம் வாங்கித் தந்த நானாவின் பெயரிலோ இருக்கும். பெக்கேஜை மாற்றவோ, விரிவான பில்லைக் கேட்கவோ போனால், பதிவிலுள்ளவரின் அடையாள அட்டையைக் கேட்பார்கள். அவர் தோஹாவில் இருப்பார். அதைவிடக் கடினம், அவர் மௌத்தாகியிருந்தால். பிள்ளைகளின் பாடசாலையும் வங்கியும் அறிந்து வைத்திருக்கும் இலக்கம் நம் கையிலிருந்து நழுவிப்போகக்கூடிய நிலை அது. பெக்கேஜை மாற்றப் போகும் இந்தச் சந்தர்ப்பத்திலேயே, நீங்கள் பாவிக்கும் இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று விசாரியுங்கள். கணவர் விடுமுறையில் வரும் நாட்களில் அரை நாள் செலவழித்தால் முடிகிற காரியம்.

பிழை இருந்தால்

கணக்குப் பார்த்தும் பொருந்தவில்லை என்றால் வாயை மூடிக்கொண்டு கட்டிவிட வேண்டியதில்லை. முதலில் நிறுவனத்திடமே முறையிடுங்கள். "பில் கூடிவிட்டது" என்று பொதுவாகச் சொன்னால், "நீங்கள் பாவித்திருப்பீர்கள்" என்ற பொதுவான பதில்தான் வரும். "செப்டெம்பர் 11 இல் மாறினேன், பழைய பெக்கேஜின் 20 நாள் கழிவு 600 ரூபா இந்தப் பில்லில் இல்லை" என்று திகதியோடும் தொகையோடும் சொல்லுங்கள். அப்படிச் சொல்பவரிடம் எவரும் மழுப்ப மாட்டார்கள். விரிவான பில்லைக் கேளுங்கள். முறைப்பாட்டு இலக்கம் ஒன்றை வாங்காமல் போனை வைக்காதீர்கள். தர்க்கம் முடியும் வரை, சரியென்று ஒப்புக்கொள்ளும் பகுதியைக் கடைசித் திகதிக்குள் கட்டலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். முழுத் தொகையையும் நிறுத்தி வைத்தால் இணைப்புத் துண்டிக்கப்படலாம்.

நிறுவனம் நியாயம் தராவிட்டால் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது. 1991 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புகள் சட்டத்துக்கு 1996 இல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் உருவான அரச நிறுவனம் இது. கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தை, 276 ஆம் இலக்கத்தில் இருக்கிறது. 1900 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். நிறுவனத்தில் பெற்ற முறைப்பாட்டு இலக்கம், இரண்டு பில்களின் பிரதி, நீங்கள் குறித்து வைத்த தாள் ஆகிய மூன்றும் கையில் இருந்தால் உங்கள் பக்கம் உறுதியாக இருக்கும்.

மூன்று பில்கள் வரை பொறுங்கள்

புதிய பெக்கேஜ் நல்லதா, கூடாததா என்று முடிவு செய்ய மூன்று பில்கள் வேண்டும். முதலாவது பில் இரண்டு பெக்கேஜ்களும் கலந்தது. இரண்டாவதில் பழைய மாதத்தின் மிச்சம் மீதி ஏதும் இருக்கலாம். மூன்றாவதுதான் உங்கள் வீட்டின் உண்மையான செலவைக் காட்டும். அதை எடுத்துக்கொண்டு பழைய பில்லோடு ஒப்பிடுங்கள். கூடுதலாகக் கொடுக்கும் காசுக்குரிய டேட்டாவும் நிமிடமும் உண்மையில் செலவாகிறதா என்று பாருங்கள். மாதக் கடைசியில் பாதி ஜீபி மிஞ்சிக் கிடந்தால், நமக்குத் தேவையில்லாததை வாங்கியிருக்கிறோம் என்று பொருள். மாறுவதற்கு அதுவே போதுமான காரணம்.

ஒரு கொப்பியில் மாதம், வாடகை, மேலதிகம், வரி, மொத்தம் என்று ஐந்து கோடுகள் போட்டு எழுதி வாருங்கள். அந்த வேலையை மகளிடமே ஒப்படைத்துப் பாருங்கள். பில்லைக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் பிள்ளைக்குக் கணிதப் பாடத்தின் சதவீதமும் வரும், காசின் அருமையும் தெரியும். அதன் பிறகு பில் கூடுகிற மாதத்தில் வீட்டாரின் முகத்தைப் பார்க்க வேண்டியிராது. கொப்பியைப் பார்த்தால் போதும்.